உங்களுக்குத் தெரியுமா? – ஏரிக்கரை மேல் ஒரு சைக்கிள் வழி

● சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில் வீடு, கையில் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. எங்கே போவது? ஜி.எஸ்.டி. சாலையில் இறங்க யாருக்கும் மனம் வராது. 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்த பிறகு நெரிசல் இன்னும் கூடிவிட்டது. ஆனால் அந்தச் சாலையின் இரு பக்கமும் பாருங்கள்: ஊரப்பாக்கம் ஏரி, நந்திவரம் ஏரி, ஆதனூர் ஏரி, நெடுங்குன்றம் ஏரி, பொத்தேரி ஏரி. நீர்வளத்துறையின் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 528 ஏரிகள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் 381-ஐயும் சேர்த்தால் 909. ஊராட்சிகளின் பொறுப்பில் உள்ள சித்தேரிகளும் குளம் குட்டைகளும் இந்தக் கணக்கில் வரா. ஏரி என்றால் கரை உண்டு. கரை என்றால், பெரும்பாலும் அதன் தலையில் ஒரு மண் பாதை உண்டு. ஆடு மேய்ப்பவரும், மதகு திறக்க வருபவரும், வயலுக்குப் போகிறவரும் நடந்து நடந்து இறுக்கிய பாதை அது. கார் வராது, பஸ் வராது.

● பிரான்ஸ் நாட்டில் இப்படி ஏரியோரமும் காட்டோரமும் சரளை மண்ணில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் போகிறார்கள். அங்கே பெயர் பெற்ற ஏரிகள் சில எப்படி வந்தன என்பது நமக்குத் தெரிய வேண்டிய கதை. 1910 ஜனவரியில் சேன் நதி பெருகிப் பாரிஸ் நகரத் தெருக்களில் படகு விட வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு, பாரிஸுக்கு மேலே ஷாம்பேன் பகுதியில், ஆற்று வெள்ளத்தைப் பிடித்து வைக்கப் பெரிய ஏரிகளை உண்டாக்கினார்கள். ஓரியான் ஏரி 1966-ல் நிரம்பியது. மார்ன் நதிக்காகக் கட்டிய தேர் ஏரி 1974-ல் வந்தது. 4,800 ஹெக்டேர் பரப்பு. 1990-ல் மேலும் இரண்டு ஏரிகள் சேர்ந்தன. குளிர்காலத்தில் வரும் வெள்ளத்தை உள்ளே வாங்கு, கோடையில் நதி வற்றும்போது திருப்பி விடு. இவ்வளவுதான் அந்த ஏரிகளின் வேலை.

தேர் ஏரிக்காக மூன்று ஊர்கள் காலி செய்யப்பட்டன. ஷாம்போபேர் என்ற ஊரின் தேவாலயம் மட்டும் இன்றும் தண்ணீருக்குள் நீளும் நிலமுனையில் நிற்கிறது. வெள்ளம் தடுக்கப் போட்ட கரைகளின் மேல் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன. த்ருவா நகரத்திலிருந்து ஓரியான் காட்டு ஏரிகள் வரை சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போகிறது. நவம்பரில் வடக்கேயிருந்து பல்லாயிரம் பெருங்கொக்குகள் தேர் ஏரியில் இறங்கும்போது, பார்க்க வருகிறவர்களில் பலர் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

மழைக்காலத்தில் பிடித்து, கோடைக்கு வைத்திருந்து, அளந்து விடுவது. செங்கல்பட்டு விவசாயிக்கு இதில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

● அதே த்ருவா நகரத்தைச் சுற்றித்தான் 2024 ‘தூர் தெ பிரான்ஸ்’ சைக்கிள் போட்டியின் 9-ஆம் கட்டம் நடந்தது. 199 கிலோமீட்டர் தூரத்தில் 32 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதை. 14 துண்டுகளாக வந்த அந்தப் புழுதியைத் தாண்டி வென்றவர் பிரான்ஸ் வீரர் அந்தோனி துர்ஜிஸ். சரளைப் பாதை சைக்கிளோட்டத்துக்குத் தனி உலக சாம்பியன் போட்டியே 2022-ல் இத்தாலியில் தொடங்கியது.

● ‘கிராவல் பைக்’ என்று கடைகளில் பெரும் விலைக்கு விற்கும் சைக்கிளின் டயர் எவ்வளவு அகலம்? 35 முதல் 50 மில்லிமீட்டர். சரி, பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம் ஊர் 28 இஞ்ச் சைக்கிளின் டயர்? அதன் மேல் 28 × 1½ என்று அச்சிட்டிருக்கும், மில்லிமீட்டரில் 40. சரளைப் பாதைக்கு இன்று சொல்லப்படும் அகலத்துக்குள்தான் அதுவும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ரேஸ் சைக்கிள் சக்கரத்தை உலகமே ‘700சி’ என்கிறது. அது பிரெஞ்சு அளவு முறை. 700 என்பது சக்கரத்தின் வெளி விட்டம் மில்லிமீட்டரில், ஏ, பி, சி என்பவை டயரின் பருமன். அந்தக் கணக்கில் நம் 28 × 1½ சக்கரத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது: 700பி. 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் தொழிற்சாலை போட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து ஊர் ஊராக அனுப்பியபோது, தமிழ்நாட்டுச் சாலைகளில் பெரும்பாலானவை கப்பி ரோடும் வண்டித் தடமும்தான். நீளமான சட்டம், பருத்த டயர், ராடு பிரேக், மூட்டை தாங்கும் கேரியர் எல்லாம் அந்தப் பாதைக்கென்று அமைந்தவை. ஆகவே ஏரிக்கரையில் ஓட்ட லட்ச ரூபாய் வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் அப்பாவின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, டயரும் டியூபும் புதிதாகப் போட்டால் போதும்.

● சரளை மண்ணில் ஓட்டும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். தார் ரோட்டுக்கு அடிப்பதுபோல் கல்லாக இறுக்கினால், ஒவ்வொரு கூழாங்கல்லும் வண்டியைத் தூக்கிப் போடும். வேகம் அந்தத் துள்ளலிலேயே வீணாகும். காற்று குறைந்த டயர் கல்லை அணைத்துக்கொண்டு மேலே ஏறி இறங்கும். அதற்காக ரிம் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிவிடவும் கூடாது; டியூப் கல்லுக்கும் ரிமுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டையாகிவிடும்.

● ஆனால் நம் கரைகளில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி கல் அல்ல, முள். சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரமே இல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவென்று 1870-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்து வனத்துறை விதை தருவித்துக் கடப்பைப் பக்கம் முதலில் நட்டது. ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்ப, ஏரிக்குள்ளும் கரை மேலும் அது காடாகிவிட்டது. அதன் முள் செருப்பையே துளைக்கும் என்றால் டியூப் எம்மாத்திரம்? பஞ்சர் ஒட்டும் சாமானும் ஒரு மாற்று டியூபும் கைப் பம்பும் இல்லாமல் கரை ஏறாதீர்கள். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் அடைப்புத் திரவமும் கடைகளில் கிடைக்கிறது. நடுவில் முள் தைத்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று நின்றிருந்தால், நிழல் கிடைக்கும் இடம் வரை முள்ளோடே ஓட்டிப் போய் அங்கே பிடுங்குங்கள்.

● ஏரிக்குக் கரை நாலு பக்கமும் கிடையாது. தண்ணீர் வரும் மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். பள்ளத்துப் பக்கம் மட்டும் வில்லாக வளைந்த கரை. நம் மாவட்டத்தில் நிலம் பொதுவாகக் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால், கரையும் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். காலை நேரத்தில் கரை மேல் போனால் வெயில் உங்கள் முதுகுப் புறத்திலிருந்து ஏரிக்குள் விழும். தண்ணீரும் பறவையும் கண் கூசாமல் தெரியும். மாலையில் அதே கரையில் மேற்கு வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும். பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விடியற்காலையில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரையில் போகும்போது மூன்றை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் இடம் மதகு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானே வழிந்தோடக் கட்டிய தாழ்வான கல் சுவர் கலங்கல். மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் ஓடை வரத்துக் கால்வாய். மழைக்காலத்தில் கலங்கல் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், கணுக்கால் அளவுதான் என்று சைக்கிளை இறக்க வேண்டாம். பாசி பிடித்த கல், பக்கத்தில் பள்ளம். திரும்பிவிடுவதே சரி.

● ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சங்கிலி ஏரிகள் என்பது இதைத்தான். சென்னையின் அடையாறு ஏதோ மலையில் பிறக்கும் நதி அல்ல. ஆதனூர், மலைப்பட்டு பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் சேர்ந்து ஆறாகிறது. நந்திவரம், ஊரப்பாக்கம் ஏரிகளின் வழிந்தோடும் நீரும் அந்தத் திசையில்தான். 2015 டிசம்பர் முதல் தேதியையொட்டி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கும் இந்தச் சங்கிலிக்கும் நேர்த் தொடர்பு உண்டு. மறுபக்கம் கிழக்கே போனால், தையூர் பெரிய ஏரி முதலான திருப்போரூர் வட்டாரத்து ஏரிகளின் நீர் கோவளம் கழிமுகத்தைத் தேடிப் போகிறது. வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே சுவர் எழுப்பி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காரில் போகிறவரால் பார்க்கவே முடியாது. கரை மேல் மெதுவாகப் போகிற சைக்கிள்காரருக்கு அது கண் முன்னே தெரியும். இந்தச் சவாரியில் எனக்கு மிகப் பெரிய பயனாகப் படுவது இதுதான்.

● உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றவுடன் குடவோலைத் தேர்தலைச் சொல்வோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்தது எந்தெந்தக் குழுவுக்கு? அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காக்க ஒரு குழு, பதவிக்காலம் ஓராண்டு, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வர முடியாது. ஊரின் வயிரமேக தடாகம் அதற்கும் முந்தைய பல்லவர் காலத்துப் பெயரைத் தாங்கியது.

● மதுராந்தகம் ஏரிக்கரையில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. 1790-களில் இந்தப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மழைக்குத் தாங்காமல் உடைந்த கரையைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த பெருமழை இரவில் கரை உடையப் போகிறது என்று பதைத்துப் போய்ப் பார்க்கையில், வில்லேந்திய இருவர் கரை மேல் காவல் நின்றதைக் கண்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. கரை தப்பினால் கட்டுவதாக வேண்டிக்கொண்டபடி தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்தார் என்பார்கள்.

அதே பிளேஸின் பெயர் இன்னோர் ஏரியிலும் வருகிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைப் பட்டாளத்துக்காரர்கள் சுட்டார்கள். ஊரார் போய் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார் அவர். ஊர் ஏன் முறையிட்டது? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் விளைச்சல் தனி என்பது அவர்களுக்குத் தெரியும். 1936-ல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். தேர் ஏரியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் என்று ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்துக் கரிக்கிலியும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வேடந்தாங்கல் போக, ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயில். அதற்கு அப்பால் கிராமச் சாலைகள். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். சரணாலயக் கரையில் நடந்துதான் போக வேண்டும். வண்டியை வாசலில் நிறுத்திப் பூட்டிவிடுங்கள்.

● குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு எப்படிப் போவது என்று தயங்குகிறவர்களுக்கு, ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குள் நம் கார், பைக் எதுவும் போக முடியாது. வாடகைச் சைக்கிள் கிடைக்கும். 602 ஹெக்டேர் காட்டுக்குள் ஹாரன் சத்தமில்லாமல், ஓட்டேரி ஏரிப் பக்கம் வரை மிதிக்கலாம். இந்தப் பூங்கா 1855-ல் சென்னையில் தொடங்கியது; 1985-ல்தான் வண்டலூருக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

● பூங்காவுக்கு வெளியே இருக்கும் வண்டலூர்க் காப்புக்காடு அப்படி அல்ல. 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதற்காக உள்ளே திருப்பக் கூடாது. காட்டை ஒட்டிப் போகும் பொதுச் சாலையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. நம் கடலோரத்துக் காடு கேரளத்துக் காடுபோல் ஓங்கி நிற்காது. வீரை, உலக்கைப் பாலை, காரை, களா என்று குட்டை மரங்களும் முட்புதர்களுமாக அடர்ந்திருக்கும். மழை குறைவு, ஆனாலும் ஆண்டு முழுவதும் இலை உதிராமல் பச்சையாக நிற்கும். உலகில் இந்த வகைக் காடு மிகக் குறைந்த இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது, அதில் ஒன்று சோழமண்டலக் கரை. ‘வெறும் புதர்’ என்று நாம் கடந்து போவதில் சில நல்ல வயதான மரங்களாக இருக்கலாம்.

● அந்த வகைக் காட்டை மனிதர் கையால் மீட்டெடுத்த இடத்தைப் பார்க்க விரும்பினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போக வேண்டும். 1968 பிப்ரவரி 28 அன்று புதுச்சேரிப் பக்கம் ஆரோவில் என்ற பன்னாட்டு நகரம் தொடங்கியபோது அது மழைநீர் அரித்துக் கிழித்த செம்மண் மேடு. முதலில் வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தினார்கள், பிறகுதான் மரம் வைத்தார்கள். இன்று அந்தக் காட்டுக்குள் மோட்டார் வண்டி வராத செம்மண் சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன. பிரெஞ்சு மொழி பேசுகிறவரும் விழுப்புரம் தமிழ் பேசுகிறவரும் அதே பாதையில் வேலைக்குப் போகிறார்கள். பிரான்ஸ் போக முடியாதவருக்கு இதைவிட நல்ல மாற்று இந்தக் கரையில் இல்லை.

● மாமல்லபுரத்துக்கு ஒரு காலத்தில் படகில் போனார்கள். சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே இரவுப் பயணம் போனதைத்தான் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக எழுதினார். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1876–78 பஞ்சத்தில் பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டி இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர். நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் காற்று இல்லாதபோது கயிறு கட்டிக் கரையில் நடந்தே இழுத்தார்கள்.

பிரான்ஸின் தெற்கே 1681-ல் முடிந்த மிதி கால்வாயிலும் இதே முறைதான். அங்கே குதிரைகள் இழுத்தன. 240 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயை 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. குதிரை நடந்த கரையில் இன்று சைக்கிள் போகிறது. நம் கால்வாயோ முட்டுக்காட்டுக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவில், உப்பளங்களையும் கழிமுகத்தையும் ஒட்டி ஆளரவமற்றுக் கிடக்கிறது. பூநாரைகள் வரும் இடம். கயிறு இழுத்தவர்கள் நடந்த கரையைச் சீர் செய்து சைக்கிள் பாதையாக்கினால், அதற்கு இணையான வழி இந்தியாவில் வேறு எங்கும் இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

● பிரான்ஸில் ‘பச்சை வழி’ என்ற பொருளில் ‘வுவா வெர்த்’ என்று ஒரு சாலை வகை இருக்கிறது. நடப்பவர், சைக்கிள், சக்கர நாற்காலி, சில இடங்களில் குதிரை போகலாம்; மோட்டார் கூடாது. முதலாவது 1997-ல் பர்கண்டிப் பகுதியில், ஜிவ்ரி முதல் க்ளூனி வரை, ரயில் நின்றுபோன தடத்தில் போட்டார்கள். சாலை விதிகளில் அதற்குத் தனி இடம் 2004-ல் வந்தது. 

● 1891-ல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் போட்டியில், 1,200 கிலோமீட்டரை ஷார்ல் தெரோன் சுமார் 71 மணி நேரத்தில் முடித்தார். சக்கரத்தில் மிஷ்லன் சகோதரர்களின் புதிய கழற்றி மாட்டும் டயர். (அதே மிஷ்லன் இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் லாரி டயர் செய்கிறது.) இப்போது அது போட்டி அல்ல, 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், நாலு ஆண்டுக்கு ஒரு முறை. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். அதற்குத் தகுதி பெற இங்கேயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடிக்க வேண்டும். 200-க்கு உள்ள நேரம் பதின்மூன்றரை மணி.

● ஏரிக்கரையில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு கரையில் ஓட்டக் கூடாது. புல்லுக்குள் காலை ஊன்றி நிற்கக் கூடாது. கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்கு. அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்து நாடு முழுவதற்கும் தயாராவதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கரையில் எங்கே எலி வளை, எங்கே நண்டு வளை, எங்கே பாம்பு என்று அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

● ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போக ஒரு வழி: கூடுவாஞ்சேரி, நந்திவரம், காயரம்பேடு, நெல்லிக்குப்பம், கொட்டமேடு, திருப்போரூர். சுமார் 40 கிலோமீட்டர். தார்ச் சாலைதான், ஆனால் வழியெல்லாம் ஏரிகளும் காப்புக்காட்டு ஓரங்களும் வருகின்றன. தோன்றுகிற இடத்தில் கரைக்கு ஏறி இறங்கலாம். ஏறும் முன் அங்கே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “அண்ணே, இந்தக் கரை நேராப் போய் ரோட்டுல ஏறுதா, நடுவுல உடைஞ்சு கிடக்கா?” கைபேசி வரைபடத்தைவிட அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். கீரப்பாக்கம், நல்லம்பாக்கம் பக்கம் கல்குவாரிகள் இருப்பதால் வேலை நாட்களில் டிப்பர் லாரிகள் ஓடும். ஞாயிறு காலைதான் உகந்தது. அனுமந்தபுரம் அகோர வீரபத்திரர் கோயில் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிறவர்கள், அங்குள்ள துப்பாக்கிச் சுடும் பயிற்சிப் பகுதியின் எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டிப்பாக மதிக்க வேண்டும்.

● வற்றிய ஏரிக்குள் லாரிச் சக்கரத் தடம் தெரிந்தால் அதன் வழியே இறங்காதீர்கள். சவுடு மண்ணும் கிராவலும் அளவுக்கு மீறி எடுத்த இடங்களில் கிணறு ஆழத்துக்குக் குழிகள் இருக்கும். மழை பெய்து தண்ணீர் மேவிவிட்டால் குழி தெரியாது. ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் உயிர் போவது இப்படித்தான்.

● மழை விட்ட மறுநாள் கரையில் ஓட்டுவது உங்களுக்கு இன்பம், கரைக்குக் கேடு. ஈரமண்ணில் சக்கரம் பதித்த தடம் சிறு வாய்க்காலாகி, அடுத்த மழைக்குத் தண்ணீர் அதிலேயே இறங்கி அரிக்கும். சைக்கிள் தடமே அப்படி என்றால், மண் ஏற்றிய டிப்பர் கரை மேல் ஏறினால் என்ன ஆகும்? கரை அமுங்கும், பக்கச் சரிவு வெடிக்கும். பனை நட்ட கரை ஓரளவு தாங்கும். அதன் சல்லி வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிப்பதால்தான் முன்னோர் கரை நெடுகப் பனை வைத்தார்கள். 1978-ல் பனை நம் மாநில மரமானது. 2021-லிருந்து அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

● தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் 2001–02-ல் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது. நான் ஏரிக்கரைப் பாதைகளைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைப்பது உல்லாசச் சவாரிக்காரர்களை அல்ல. லாரி ஓடும் நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பள்ளிக்குப் போக இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பாதுகாப்பான வழி இருக்கிறதா? பல ஊர்களில் கரைதான் அந்த வழி.

● ஊராட்சிகளில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாக்காளர் யாரும் எழுந்து தீர்மானம் கேட்கலாம். உங்கள் ஊர் ஏரிக்கரையில் லாரி ஏறாதபடி இரு முனையிலும் கல் நட வேண்டும், சைக்கிளும் மாடும் நுழைய இடம் விட வேண்டும், முள்ளை வெட்டிப் பனை வைக்க வேண்டும் என்று இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்கும் முன் ஒரு முறையாவது அந்தக் கரை முழுவதும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு போங்கள்.